சிங்கப்பூர்: சமயப் பன்மையும் நேர்த்திக்கடனும்

தென்கிழக்கு ஆசியாவின் நகரநாடான சிங்கப்பூர், ஒரு பெருநகரத்துக்குள் பல சமயங்கள் நெருங்கி வாழ்வதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இடம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 31.1 விழுக்காட்டினர் பௌத்தர், 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர், 15.6 விழுக்காட்டினர் முஸ்லிம், 8.8 விழுக்காட்டினர் தாவோ சமயத்தார், 5 விழுக்காட்டினர் இந்துக்கள். சீக்கியர், யூதர், சமணர், பார்சிகள், பஹாய்கள் சிறு எண்ணிக்கையில் உள்ளனர். எந்தச் சமயமும் இல்லை என்றவர்கள் 20 விழுக்காட்டினர். 2014இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட சமயப் பன்மைக் குறியீட்டில் உலக நாடுகளிலேயே முதலிடம் சிங்கப்பூருக்குக் கிடைத்தது. ஆனால் இந்த எண்கள் எத்தனை பெயர்ப்பலகைகள் இருக்கின்றன என்பதை மட்டுமே சொல்கின்றன. ஒரு பலகைக்குக் கீழே இருப்பவர் இன்னொன்றின் வாசலில் போய் நிற்பதைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை. அப்படிப் போய் நிற்கும் பழக்கம்தான் இந்த நகரத்தின் ஆன்மிகத் தேடலுக்குத் தனி உருவம் தந்தது. பிற சமயத்தின் வாசலை மிதிப்பதையும் சமயம் மாறுவதையும் இங்குள்ள மக்கள் ஒன்றாகப் பார்க்கவில்லை. சிங்கப்பூரின் சமய வரலாற்றில் அமைதியும் கலகமும் எங்கெங்கே வந்தன என்பது பெரும்பாலும் இந்த வேறுபாட்டை வைத்தே விளங்குகிறது.

நகரத்தின் வரைபடமே இதற்கு முதல் சாட்சி. பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டம் சீனர், மலாய்க்காரர், அரபியர், சூலியர் என ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கியது. கோயில்களும் பள்ளிவாசல்களும் அந்தக் கோடுகளுக்குக் கட்டுப்படவில்லை. ராஃபிள்ஸுடன் 1819இல் வந்திறங்கிய நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில் 1827 முதல் சவுத் பிரிட்ஜ் சாலையில், இன்றைய சைனாடவுனின் நடுவே நிற்கிறது. அதன் கோபுரத்தைப் பார்த்தே பக்கத்துத் தெருவுக்கு பகோடா தெரு என்று பெயர் வந்தது. சீனத் தெரு ஒன்று தமிழ்க் கோபுரத்தின் பெயரைச் சுமக்கிறது என்பதைச் சுற்றுலாப் பயணிகள் பலர் அறிவதில்லை. கோயிலை அடுத்து, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களான சூலியர் கட்டிய ஜாமியா பள்ளிவாசல் இருக்கிறது. அன்று கடற்கரையாக இருந்த தெலுக் ஆயர் தெருவில், கடல் கடந்து வந்த ஹொக்கியன் சீனர் கடல்தேவதை மாசூவுக்கு எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயிலும், சூலியர் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்காவும் சில நிமிட நடைத்தொலைவில் உள்ளன. கரை சேர்ந்த இரு சாராரும் ஒரே கடலுக்கு நன்றி சொன்னார்கள். நாகையிலிருந்து வந்த தமிழருக்கு இது புதிதாக இருந்திருக்காது. நாகூரில் இந்துக்களும் வேளாங்கண்ணியில் எல்லாச் சமயத்தாரும் வேண்டிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

அருகில் சென்று பார்க்க வேண்டிய இடம் வாட்டர்லூ தெரு. 1870இல் ஓர் ஆலமரத்தடியில் தொடங்கிய கிருஷ்ணன் கோயிலும், சீனரின் கருணைத் தெய்வமான குவான் யின்னுக்கு 1884இல் தோன்றிய கோயிலும் இங்கே தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அதே தெருவில் 1878இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடமும் உண்டு. குவான் யின் கோயிலில் வழிபடுவோர் தரையில் மண்டியிட்டு, எண் பொறித்த குச்சிகள் அடங்கிய மூங்கில் குவளையை ஒரு குச்சி மட்டும் வெளியே விழும்வரை குலுக்குவார்கள். பிறகு அவரை விதை வடிவிலுள்ள இரண்டு மரத்துண்டுகளை வீசிப் பார்ப்பார்கள். ஒன்று தட்டைப் பக்கமும் மற்றது வளைந்த பக்கமும் மேலாக விழுந்தால் அம்மன் அந்த எண்ணை ஒப்புக்கொண்டாள் என்று பொருள். அந்த எண்ணுக்குரிய சீட்டில் குறி எழுதியிருக்கும். சன்னதியில் பூக்கட்டிப் போட்டு உத்தரவு கேட்ட தமிழ்க் குடும்பத்தாருக்கு இதில் விளக்க வேண்டியது அதிகமில்லை. குறி கேட்டு வெளியே வருபவர்களில் பலர் அப்படியே வீட்டுக்குப் போவதில்லை. பக்கத்துக் கிருஷ்ணன் கோயில் வாசலில் நின்று, சீன முறைப்படி ஊதுபத்தியை இரு கைகளாலும் நெற்றிக்கு நேரே உயர்த்தி வணங்கி, அங்கே வைத்திருக்கும் தூபக்கலத்தில் செருகிவிட்டுச் செல்கிறார்கள். அந்தக் கலம் ஆகமத்தில் சொல்லப்பட்டதல்ல. வருகிறவர்களின் கைப்பழக்கத்துக்காகக் கோயில் செய்துகொண்ட ஏற்பாடு அது.

இந்தப் பழக்கத்தைக் கணக்கெடுப்புப் படிவம் எப்படிப் பதிவுசெய்யும்? ஒருவருக்கு ஒரு சமயம்தான் என்பது படிவத்தின் விதி. சீனப் பாட்டி ஒருவரிடம் உங்கள் சமயம் எது என்று கேட்டால், 'சாமி கும்பிடுகிறேன்' என்று பொருள்படும் 'பாய் சென்' என்ற சொல்லே மறுமொழியாக வரும். அதை எழுதுபவர் தாவோ என்றும் எழுதலாம், பௌத்தம் என்றும் எழுதலாம். 1980இல் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த தாவோ சமயத்தார் நாற்பதாண்டுகளில் 8.8 விழுக்காடாகக் குறைந்ததில் ஒரு பகுதி நம்பிக்கை மாற்றம், ஒரு பகுதி பெயர் மாற்றம். ஆங்கிலக் கல்வி பெற்ற தலைமுறைக்குத் தாத்தாவின் சடங்குகள் மூடப்பழக்கமாகத் தெரிந்தன. நூலும் தத்துவமும் உள்ள சமயமே சமயம் என்ற எண்ணம் பரவியது. சிலர் பௌத்தத்தை ஆராய்ந்து ஏற்றார்கள், சிலர் கிறிஸ்தவரானார்கள், சிலர் எதுவும் வேண்டாம் என்றார்கள். 1980இல் சுமார் 10 விழுக்காடாக இருந்த கிறிஸ்தவர் தொகை ஏறத்தாழ இரட்டிப்பானது. இது வேறு வகைத் தேடல். இதில் தேடுபவர் ஒரு வாசலை மூடிவிட்டு இன்னொன்றில் நுழைகிறார்.

சிங்கப்பூரின் சமயப் பூசல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், அவற்றின் மையத்தில் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டாம் வகைதான். 1950 டிசம்பரில் 18 பேரைப் பலிகொண்ட மரியா ஹெர்டோக் கலவரம், மலாய் முஸ்லிம் பெண் ஒருவர் வளர்த்த டச்சுச் சிறுமியைக் கத்தோலிக்கப் பெற்றோரிடம் திருப்பித் தர நீதிமன்றம் ஆணையிட்டதால் வெடித்தது. அந்தப் பிள்ளை எந்தச் சமயத்துக்கு உரியவள் என்பதே கேள்வி. 1980களில் சில கிறிஸ்தவக் குழுக்களின் தீவிர மதப் பிரசாரம் பிற சமயத்தாரிடம் கசப்பை உண்டாக்கியது. 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியதற்கு அது முக்கியக் காரணம். பகை மூட்டும் சமயத் தலைவர் மீது அமைச்சர் தடையாணை பிறப்பிக்க அச்சட்டம் வழிசெய்தது. 2019இல் திருத்தப்படும்வரை அப்படியோர் ஆணை ஒருமுறைகூடப் பிறப்பிக்கப்படவில்லை. பள்ளிகளில் 1984இல் கட்டாயமாக்கப்பட்ட சமயக் கல்வியின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஒழுக்கம் வளர்க்க வந்த அந்தத் திட்டம் மாணவர்களை விவிலியம், பௌத்தம், இஸ்லாம், இந்து சமயம், கன்ஃபூசிய ஒழுக்கம் எனத் தனித்தனி வகுப்புகளில் உட்கார வைத்தது. சமய வேறுபாடுகளை அது கூர்மையாக்குகிறது என்று கண்ட அரசு சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. கிருஷ்ணன் கோயில் வாசலில் ஊதுபத்தி ஏற்றியதற்காகவோ, தைப்பூசத்தில் சீனர் காவடி எடுத்ததற்காகவோ இந்த நகரத்தில் கலகம் நடந்ததில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: வாசல்விட்டு வாசல் போவது ஆன்மிகம் அல்ல, வெறும் பேரம், லாட்டரி எண்ணுக்கும் வேலைக்கும் பிள்ளைவரத்துக்கும் அலைபவரைத் தேடுபவர் என்று சொல்லலாமா? பேரம் உண்டு என்பது மெய்தான். எண் கேட்டுக் கோயிலுக்கு வருபவர்கள் குறைவில்லை. ஆனால் தமிழில் இதற்கு வழங்கும் சொல்லைக் கவனிக்க வேண்டும். நேர்த்திக்கடன் என்கிறோம், அது கடன். கேட்டது கிடைத்தாலும் கடன் தீராமல் ஆள் விடுபடுவதில்லை. டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடி தூக்கும் சீனர், வாரக்கணக்கில் விரதமிருந்து, உடலில் அலகு குத்தி, சிராங்கூன் சாலையிலிருந்து வெயிலில் நடக்கிறார். இவ்வளவு விலை கொடுப்பவரை வாடிக்கையாளர் என்று தள்ளிவிட முடியாது. தத்துவத்தைப் படித்துத் தேர்ந்தெடுப்பவனே உண்மையான தேடல்காரன் என்ற எண்ணம் படித்த வர்க்கத்தின் எண்ணம். அதைக்கொண்டு எல்லாரையும் அளப்பது நியாயமில்லை.

இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று. இந்தப் பழக்கம் சீனருக்கும் இந்துக்களுக்கும் பொருந்தலாம், ஒரே இறைவனை மட்டும் வணங்கச் சொல்லும் இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் பொருந்தாது என்பது அது. பெருமளவு சரி. முஸ்லிம் குவான் யின் கோயிலில் குறி கேட்கமாட்டார், அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையல்ல. ஆனால் வாசல் மறுபக்கத்திலிருந்தும் திறந்திருக்கிறது. 1866இல் மறைந்த இஸ்லாமியப் புனிதர் ஹபீப் நூஹ் அடங்கிய பாமர் சாலைக் குன்றுக்குப் பிற சமயத்தாரும் வருவதுண்டு. தாம்சன் சாலையின் புனித அல்ஃபோன்சஸ் தேவாலயத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் இடைவிடா சகாய மாதா நவநாளில் கத்தோலிக்கர் அல்லாதாரும் கலந்துகொள்கின்றனர். மன்றாட்டுக் கடிதங்களும் நன்றிக் கடிதங்களும் அங்கே வாசிக்கப்படுகின்றன. அந்த வழிபாட்டின் பெயரே ஊர்ப்பெயராகி, பெருவிரைவு ரயில் நிலையத்துக்கும் நொவீனா என்று சூட்டப்பட்டது. சீனர் கும்பிடும் 'டத்தோ கோங்' மலாய்க் காவல்தெய்வம் என்பதால் படையலில் பன்றி இறைச்சி வைப்பதில்லை. வணங்குபவர் சீனராக இருந்தாலும் விருந்தாளியின் ஆசாரம் காக்கப்படுகிறது. லோயாங் துவா பெக் கோங் கோயிலில் இந்த டத்தோவும் விநாயகரும் தாவோ தெய்வங்களும் ஒரே கூரைக்கடியில் இருக்கிறார்கள். 1980களில் லோயாங் கடற்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சிலைகளைச் சில நண்பர்கள் எடுத்துக் குடிசை போட்டு வைத்ததில் தொடங்கியது அந்தக் கோயில்.

எல்லாமே அரசின் கெடுபிடியால் வந்த அமைதி என்போரும் உண்டு. கெடுபிடி உண்மைதான். யெகோவாவின் சாட்சிகள் சபையின் பதிவு 1972இல் நீக்கப்பட்டது. 1964 இனக் கலவரங்களுக்குப் பின், நடந்து செல்லும் சமய ஊர்வலங்களுக்குத் தடை வந்தது. தைப்பூசத்துக்கு விலக்கு கிடைத்தாலும் ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்தது. அது படிப்படியாகத் தளர்ந்தது 2016 முதல்தான். வழிபாட்டு இடத்துக்கான நிலம் பொதுவாக 30 ஆண்டுக் குத்தகையாகவே கிடைக்கிறது. கம்பங்கள் எனப்பட்ட பழைய சிற்றூர்களிலிருந்து அகற்றப்பட்ட சிறு சீனக் கோயில்கள் பல பணம் சேர்த்து ஒரே மனையில் கூட்டுக் கோயில்களாக எழுந்ததற்கு நல்லிணக்கம் காரணமல்ல, நிலத்தின் விலை காரணம். ஆனால் சட்டம் செய்ததெல்லாம் சமயங்களுக்கு இடையே வேலி போட்டதும், ஒருவர் வேலியை இன்னொருவர் பிடுங்காமல் பார்த்துக்கொண்டதும்தான். வாட்டர்லூ தெருவின் தூபக்கலத்தை எந்த வாரியமும் உத்தரவிட்டு வைக்கவில்லை; அந்தப் பழக்கம் சட்டத்துக்கு மூத்தது. ஆயினும் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்றே கருத வேண்டும். ஊதுபத்தி ஏற்றுவதால் தன் பெயரோ, பிள்ளையின் பெயரோ, சொத்துரிமையோ மாறிவிடாது என்ற உறுதி இருப்பதால்தான் அடுத்த வாசலுக்குப் போவது அச்சமற்ற காரியமாகிறது.

இந்தப் பழக்கத்துக்கு நெருக்கடி நிலத்தால் மட்டும் வரவில்லை. 2020இல் 15 முதல் 24 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினர் தமக்குச் சமயமில்லை என்றனர். சமயங்களுக்குள்ளும் தூய்மையை வலியுறுத்தும் குரல்கள் கேட்கின்றன. புனிதர் அடக்கங்களை வணங்குவது சரியில்லை என்ற கருத்து முஸ்லிம்களிடையே வலுப்பெற்றுள்ளது. வாசல்விட்டு வாசல் போகும் பழக்கத்துக்குக் கூசுத் தீவு சரியான சான்று. ஆண்டுதோறும் சீன ஒன்பதாம் மாதத்தில் படகேறி வருபவர்கள் கீழே துவா பெக் கோங் கோயிலில் வணங்கிவிட்டு, 152 படிகள் ஏறிக் குன்றின் மேலுள்ள மூன்று மலாய் 'கெராமாத்' அடக்கங்களுக்குப் போவார்கள். பிள்ளைவரம் வேண்டி வந்தவர்களில் பெரும்பாலோர் சீனர். 2022 ஏப்ரலில் அந்த அடக்கங்கள் தீயில் கருகின. கீழே இருந்த சீனக் கோயிலுக்குத் தீ பரவவில்லை.