மலைக்கு மேலே, மலைக்குக் கீழே: சூளகிரியோர எல்லையின் ஏழு ஆண்டுகள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறும் நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் நிற்காமல் கடந்துபோகும் சூளகிரி வட்டாரம், 1792 முதல் 1799 வரை இரண்டு அரசுகளின் எல்லையோரமாக இருந்தது. கணவாய்க்குக் கீழேயுள்ள பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும், மேட்டுநிலமாகிய பாலாகாட், அதாவது கணவாய்க்கு மேற்பட்ட ஓசூர்ச் சீமை, மைசூரை ஆண்ட திப்பு சுல்தானிடமும் இருந்தன.

இந்த எல்லை ஒரு போரில் பிறந்தது. இந்தியாவில் நாடு பிடிக்கும் திட்டங்கள் தன் நாட்டின் மானத்துக்கு ஒவ்வாதவை என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1784-இல் பிட் சட்டத்தின் வழியே அறிவித்து, கம்பெனியோ அது காப்பதாக ஏற்ற அரசரோ தாக்கப்பட்டாலன்றி, இயக்குநர்களின் ஆணையில்லாமல் போர் தொடங்கக் கூடாது என்று கவர்னர் ஜெனரலைக் கட்டிப்போட்டிருந்தது. ஆகவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸுக்குப் படைக்கு முன்னால் காரணம் வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் அரசரை ஆங்கிலேயரின் நண்பராகக் குறித்த 1784-ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையும், 1789 டிசம்பர் இறுதியில் திப்பு அவ்வரசரின் நெடுங்கோட்டை அரண்மீது நடத்திய தாக்குதலும் அக்காரணத்தைத் தந்தன. நெறி போரைத் தடுக்கவில்லை. அதற்குத் தற்காப்பு என்ற பெயரைக் கொடுத்தது.

அந்தப் போரில் 1791 ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் கம்பெனி வசமாயின. ஆனால் 1792 மார்ச் 18-இல் முடிந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை திப்புவின் நாட்டில் பாதியைக் கம்பெனி, நிஜாம், மராத்தியர் ஆகிய மூவருக்குப் பிரித்தபோது, இராயக்கோட்டை கம்பெனியிடம் நின்றது, ஓசூர் திப்புவிடம் திரும்பியது. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கும் உடன்படிக்கைக்கும் பிணையாகத் திப்புவின் இரு மகன்கள் ஒப்படைக்கப்பட்டனர்.  கூடாரத்தில் காரன்வாலிஸ் அச்சிறுவர் ஒவ்வொருவருக்கும் தங்கக் கடிகாரம் பரிசளித்தார். 1794-இல் அவர்கள் வீடு திரும்பினர்.

அடுத்த போருக்கும் காரணம் தேடப்பட்டது. திப்பு பிரெஞ்சுக்காரரின் துணையை நாடியதை வெளிப்படுத்தி மொரீஷியஸின் பிரெஞ்சு ஆளுநர் மலார்திக் 1798 ஜனவரியில் வெளியிட்ட அறிவிப்பை அப்போதைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி சான்றாக்கினார். இராயக்கோட்டை வழியாக வந்த கம்பெனித் தளபதி ஹாரிஸின் படை 1799 மார்ச் 5-இல் எல்லையைக் கடந்தது. மே 4-இல் திப்பு வீழ்ந்தார். பழைய அரசமரபை மீட்பதாகச் சொல்லி உடையார் குலச் சிறுவனை மைசூர் அரியணையில் ஏற்றிய கம்பெனி, அதே ஆண்டு ஜூன் மாதப் பங்கீட்டு உடன்படிக்கையில் ஓசூர்ச் சீமையைத் தனக்கே வைத்துக்கொண்டது. இவ்விடத்தில் மரபைவிடக் கணவாய்களின் பயனே பெரிதாகப்பட்டது போலும். எல்லைக்கோடு சூளகிரியைத் தாண்டி மேற்கே நகர்ந்து, ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில் விழுந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதும் அது அங்கேயே இருந்தது.