கொல்லிப்பாவை முதல் ஹாரி பாட்டர் வரை... 'சின்னப் பசங்க கதை'யைப் பற்றி பெரியவங்க என்ன சொல்றாங்க?

"இந்த வயசுல இன்னும் ஹாரி பாட்டரா?" 20 வயதைத் தாண்டிய யாராவது கையில் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் வீட்டில் விழும் முதல் டயலாக் இதுதான். அதே வீட்டில் 10 வயதுப் பையன் படித்தால் டயலாக் மாறும். "மந்திரம், சூனியம்னு படிக்காம ஏதாவது உருப்படியா படிடா!" ஆக, சின்னவங்க படித்தாலும் தப்பு, பெரியவங்க படித்தாலும் தப்பு. அப்போ ஃபேன்டசி கதைகளை யார்தான் படிக்கிறது?

சிறுவர்களுக்கான ஃபேன்டசி நாவல்கள் பற்றி பெரியவர்கள் சொல்லும் கருத்துகள் என்னென்ன, அதில் எதெல்லாம் நியாயம், எதெல்லாம் சும்மா பயம் என்று பார்ப்போம். அதற்கு லண்டன் வரை போக வேண்டாம். முதலில் நாமக்கல் மாவட்டத்துக்குப் போவோம்.

70 வளைவு தாண்டி ஒரு ஃபேன்டசி

கொல்லிமலை என்றதும் பைக் ரைடர்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு ஆகாய கங்கை அருவி. ஆனால், 2,000 ஆண்டுகளாக இந்த மலையின் உண்மையான ஸ்டார், கொல்லிப்பாவை. அழகான பெண் உருவம். தவம் செய்பவர்களைத் தொந்தரவு செய்ய வரும் அரக்கர்களைத் தன் சிரிப்பால் மயக்கி, அருகே வரவைத்துக் கொன்றுவிடும். இதுதான் அந்த மலையைப் பற்றி இன்றும் சொல்லப்படும் கதை. அங்கே இருக்கும் எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையாக வணங்குபவர்களும் உண்டு.

யோசித்துப் பாருங்க. மயக்கும் சிரிப்பு, உயிர் உள்ள சிலை, காவல் காக்கும் மலை. இன்றைக்கு யாராவது இதை நாவலாக எழுதினால், புத்தகக் கடையில் நேராக 'சிறுவர் பகுதி'யில் வைத்துவிடுவார்கள்.

ஆனால், சங்கப் புலவர்கள் இந்தப் பாவையைக் குழந்தைகளுக்காகப் பாடவில்லை. நற்றிணை, குறுந்தொகை இரண்டிலும் கொல்லிப்பாவை வருகிறாள். இரண்டுமே காதல் பாடல்களின் தொகுப்பு. காற்று அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அந்தப் பாவையின் அழகு குலையாது என்கிறார் பரணர், நற்றிணை 201-ல். தன் மனசில் இருக்கும் பெண்ணின் உருவமும் அப்படித்தான் அழியாது என்று தலைவன் சொல்வதற்கு அந்தப் பாவைதான் உவமை. அக்மார்க் பெரியவர்கள் விஷயம்!

இதே மலையை ஆண்ட வல்வில் ஓரியும் அப்படித்தான். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து விலங்குகளைத் துளைத்துச் சென்றதாகச் சொல்கிறது புறநானூற்றின் 152-வது பாடல். இதைப் படித்துவிட்டு, "லாஜிக் இல்லையே" என்று எந்தத் தமிழாசிரியரும் புத்தகத்தை மூடுவதில்லை.

'குழந்தைகள் கதை' என்ற லேபிள்

1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கப்பட்டது அம்புலிமாமா. பி.நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய இந்தப் பத்திரிகையின் அடையாளமே விக்ரமாதித்தன் - வேதாளம் தொடர்தான். ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் பிணத்தைச் சுமந்துகொண்டு வாளோடு நடக்கும் ராஜாவின் படத்தைப் பார்க்காத தலைமுறை, உங்க தாத்தா பாட்டி வீட்டில் இருக்க வாய்ப்பில்லை.

அந்த வேதாளக் கதைகள் 11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்தின் சோமதேவர் சம்ஸ்கிருதத்தில் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே இருக்கின்றன. அவர் அவற்றை எழுதியது ஒரு ராணிக்காக. சுடுகாடு, பிணம், காதல், துரோகம் எல்லாம் உள்ள பெரியவர்கள் கதை, காலப்போக்கில் குழந்தைகள் பத்திரிகைக்கு வந்து சேர்ந்தது. கதையின் ஆணிவேர் மாறவில்லை. அதன் மேல் ஒட்டிய லேபிள்தான் மாறியது.

எழுதுபவர்களுக்கும் இந்த லேபிள் ஒட்டிக்கொள்ளும். தமிழ்ச் சிறுவர்களுக்காக ஏராளமான மாயாஜாலக் கதைகளை எழுதிய வாண்டுமாமா என்கிற வி.கிருஷ்ணமூர்த்தி (1925-2014), பெரியவர்களுக்கு எழுதும்போது 'கௌசிகன்' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். ஒரே ஆள்தான். ஆனால், இரண்டு வாசகர்களுக்கு இரண்டு பெயர்.

ஓகே சொன்னது குட்டீஸ்!

சிறுவர் நாவலை எழுதுவது, அச்சிடுவது, விற்பது, வாங்கித் தருவது எல்லாமே பெரியவங்கதான். ஆனால், உலகின் இரண்டு பெரிய ஃபேன்டசி ஹிட்களின் தொடக்கத்தில் ஒரு குழந்தையின் கருத்து இருக்கிறது.

1937-ல் வெளியானது டோல்கீனின் 'தி ஹாபிட்'. அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், தன் 10 வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். படித்துவிட்டு எழுதித் தந்த விமர்சனத்துக்குச் சம்பளம் ஒரு ஷில்லிங். "நல்லா இருக்கு" என்றான் பையன். புத்தகம் அச்சுக்குப் போனது.

1990-களில் ஜே.கே.ரௌலிங்கின் முதல் ஹாரி பாட்டர் நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ப்ளூம்ஸ்பரி நிறுவனத் தலைவரின் 8 வயது மகள் ஆலிஸ், முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "மீதி எங்கே?" என்று கேட்டாள். 1997 ஜூனில் புத்தகம் வந்தது. இன்று அது 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது.

பெரியவங்க வைக்கும் 4 குற்றச்சாட்டுகள்

1. எழுத்து சுமார்தான்!

இது படித்தவர்கள் வைக்கும் புகார். 2000 ஜூலையில் அமெரிக்க விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம், ஹாரி பாட்டரின் நடை முழுக்கத் தேய்ந்துபோன சொற்றொடர்கள் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் எழுதினார். 2003-ல் பிரிட்டிஷ் நாவலாசிரியர் ஏ.எஸ்.பயட், நியூயார்க் டைம்ஸில் இன்னும் ஒரு படி மேலே போனார். பழைய கதைகளின் துண்டுகளை ஒட்டித் தைத்த உலகம் இது, பெரியவர்கள் இதைப் படிப்பது குழந்தைப் பருவத்துக்குத் திரும்பி ஓடும் ஆசை என்பது அவர் வாதம்.

நியாயமா? பாதி. நடை பற்றிய விமர்சனத்தைப் புத்தகத்தைத் திறந்து வரிவரியாகப் பேசலாம், தப்பில்லை. ஆனால், பழைய கதைகளை ஒட்டித் தைப்பது குற்றம் என்றால், வேதாளமும் தப்பிக்க முடியாது.

2. மந்திரம், சூனியம் கத்துக்குடுக்குது!

இது பயம். 2000 முதல் 2009 வரை அமெரிக்க நூலகங்களில், 'இதை எடுத்துவிடுங்கள்' என்று அதிகம் புகார் வந்த புத்தகங்களின் பட்டியலை அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்டது. முதலிடம் ஹாரி பாட்டர் தொடருக்கு. 2001 டிசம்பரில் நியூ மெக்ஸிகோவில் அந்தப் புத்தகங்களை நெருப்பில் போட்டே எரித்தார்கள்.

நம் ஊரில் இந்தப் பயம் கொஞ்சம் விநோதமானது. நாம குழந்தைக்குச் சோறு ஊட்டுவதே பூச்சாண்டி கதை சொல்லித்தான். புராணத்தில் மாய அஸ்திரம் பறந்தால் கைதட்டுகிறோம். மந்திரக்கோல் இங்கிலீஷில் பேசினால் மட்டும் எப்படி ஆபத்தாகும்?

3. கதையையும் நிஜத்தையும் குழப்பிக்குவாங்க!

இதற்கு இந்தியாவில் ஒரு நிஜ உதாரணம் உண்டு. 2010-ல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், ஹாரி பாட்டரைப் பார்த்து நகரத்து நடுத்தர வர்க்கப் பெற்றோர்கூடக் குழந்தைகளுக்கு ஆந்தையைப் பரிசாகத் தரும் ஆர்வம் தெரிகிறது என்று கவலைப்பட்டார். ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் இந்தியாவில் சட்டப்படி குற்றம்.

அவர் அதைப் பேசியது, வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பின் ஆந்தை பற்றிய அறிக்கை வெளியீட்டில். இந்தியாவில் உள்ள 30 வகை ஆந்தைகளில் 15 வகைகள் விற்பனைக்கு வந்ததாகச் சொன்னது அந்த அறிக்கை. அவை விற்கப்பட முக்கியக் காரணம்? மாந்திரீகமும் பலியும். அதாவது, கதையையும் நிஜத்தையும் குழப்பிக்கொண்டு ஆந்தையைக் கொல்பவர்கள் சின்னப் பசங்க இல்லை. காசு கொடுத்து வாங்கும் பெரியவர்கள்!

4. தப்பான பார்வையை விதைக்குது!

நான்கில் அதிக கவனம் தேவைப்படும் புகார் இதுதான். இந்தியாவின் ஆங்கில வழிப் பள்ளி நூலகங்களில் பல தலைமுறைகளாக இருப்பவர் எனிட் ப்ளைட்டன். 1939-ல் வந்த அவரது மாய மரக் கதைகள் இன்றும் விற்கின்றன. ஆனால், அவர் கதைகளில் இருக்கும் நிறவெறியைப் பல ஆண்டுகளாகப் பலர் சுட்டிக்காட்டி வருகிறார்கள். குழந்தைகளை அடிக்கும் 'டேம் ஸ்லாப்' என்ற பாத்திரத்தின் பெயர், பிந்தைய பதிப்புகளில் 'டேம் ஸ்னாப்' ஆனது. அடி போய் அதட்டல் வந்தது.

நம் பக்கம் மட்டும் சுத்தமா? சித்திரக்கதைகளில் அரக்கன் என்றால் கறுப்பு, இளவரசி என்றால் சிவப்பு. கெட்ட சூனியக்காரி என்றால் கட்டாயம் வயதான, கூன் விழுந்த பாட்டி. கறுப்பாக இருக்கும் ஒரு குழந்தை இதைப் பக்கத்துக்குப் பக்கம் பார்த்தால், தன்னை எந்தப் பக்கம் வைத்துக்கொள்ளும்? புத்தகத்தைப் பிடுங்குவதால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கிடைக்கும்.

ஒளிச்சு ஒளிச்சுப் படிச்ச பெரியவங்க

குற்றச்சாட்டு ஒரு பக்கம் இருக்க, ரசிகர்களான பெரியவர்களும் ஏராளம். ப்ளூம் திட்டிய அதே 2000 ஜூலையில், நான்காவது ஹாரி பாட்டரைப் பாராட்டி விமர்சனம் எழுதினார் திகில் மன்னன் ஸ்டீபன் கிங். அதே மாதம், ஹாரி பாட்டர் புத்தகங்கள் பெஸ்ட் செல்லர் பட்டியலை விட்டு நகராததால், நியூயார்க் டைம்ஸ் குழந்தைகளுக்கெனத் தனிப் பட்டியலையே தொடங்கியது.

பிரிட்டனில் 1998-லேயே 'பெரியவர்கள் அட்டை' போட்ட ஹாரி பாட்டர் வந்துவிட்டது. உள்ளே ஒரு எழுத்துகூட மாறவில்லை. ரயிலில் படிக்கும்போது கூச்சமாக இருக்கக் கூடாதாம், அதற்காக அட்டை மட்டும் சீரியஸ்! பிலிப் புல்மனின் 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்', 2001-க்கான விட்பிரெட் பரிசில் ஆண்டின் சிறந்த புத்தகமாகத் தேர்வானது. பெரியவர்கள் நாவல்களோடு மோதி அந்தப் பரிசை வென்ற முதல் சிறுவர் நூல் அதுதான்.

இங்கேயும் அதே கதைதான். 1972-ல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவியைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த பசங்க, இன்று தாத்தாக்கள். அந்தப் பழைய இதழ்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்ப்பவர்களும் பெரும்பாலும் வளர்ந்தவர்களே.

அப்போ நாம என்ன செய்யலாம்?

* படிச்சுட்டுப் பேசுங்க. தம்பி, தங்கை, அக்கா பிள்ளை யார் படித்தாலும், முதல் மூன்று அத்தியாயமாவது படித்த பிறகு கருத்துச் சொல்லுங்க. அட்டையைப் பார்த்துத் தீர்ப்பு வேண்டாம்.
* "இதெல்லாம் ஒரு புக்கா?" வேண்டவே வேண்டாம். அந்த ஒரு வரியால் நிற்பது அந்தப் புத்தகம் மட்டுமில்லை, படிக்கிற பழக்கமும்தான். அதற்குப் பதிலாக, "இதுல உனக்கு யாரைப் பிடிக்கும், ஏன்?" என்று கேளுங்க.
* வயசு பாருங்க. ஹாரி பாட்டரே வளர வளர இருண்டுகொண்டு போகும் தொடர். முதல் பாகத்தை ரசிக்கும் 8 வயதுக் குழந்தைக்கு, சாவுகள் நிறைந்த கடைசிப் பாகம் கனமாக இருக்கலாம். இடைவெளி விட்டுக் கொடுக்கலாம்.
* உறுத்துவதை மறைக்காதீங்க. "ஏன் கெட்டவன் எப்பவுமே கறுப்பா இருக்கான்?" என்று நீங்களே கேளுங்க. குழந்தைகள் செம பதில் சொல்வார்கள்.
* நம்ம ஊர்க் கதையும் சேர்த்துச் சொல்லுங்க. கொல்லிமலை டிரிப் போனால், அருவி செல்ஃபியோடு கொல்லிப்பாவை கதையையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

கடைசியாக, 25 வயதில் டிராகன் கதை படிக்கும் உங்களுக்கு... அட்டையை மறைக்க வேண்டாம். யாராவது கிண்டல் செய்தால், காதலைச் சொல்ல ஒரு மாயப் பாவையைத் துணைக்கு அழைத்த பரணரைக் கைகாட்டுங்க. அவர் சின்னப் பையன் இல்லை!