ஆனையிறவில் நிற்பது டாங்கி அல்ல

போன லீவில் தம்பிலுவில் பிள்ளைகளோடு யாழ்ப்பாணச் சுற்றுலா போனோம். ஆனையிறவில் பஸ் நின்றதும் பொடியன்மார் "டாங்கி, டாங்கி" என்று ஓடினார்கள். டாங்கி இல்லை, உருக்குத் தகடு அடித்த புல்டோசர் என்றேன். "அப்ப இதுக்குள்ள ஆக்கள் இருந்தவங்களா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பஸ்ஸில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

டாங்கி சுடுவதற்கு. ஆட்களை ஏற்றிப்போகும் சங்கிலிச் சில்லுக் கவச வாகனம் வேறு வகை. 1918இல் பிரித்தானியர் செய்த மார்க் 9 தான் அதில் மூத்தது. 30 பேர் ஏறலாம். எஞ்சின் புகையில் உள்ளே இருந்தவர்கள் சுகவீனப்பட்டார்கள். 1944இல் நோர்மண்டியில் கனேடியப் படை, பீரங்கி வண்டிகளின் பீரங்கியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஆட்களை ஏற்றியது. அதற்குப் பெயர் கங்காரு. 1960இல் அமெரிக்காவின் எம் 113 வந்தது. அலுமினியப் பெட்டி, ஓட்டுபவரோடு சேர்த்து 13 பேர். துவக்குச் சூட்டைத் தாங்கும், அடியில் வெடிக்கும் கண்ணிவெடியைத் தாங்காது. வியட்நாமில் சிப்பாய்கள் உள்ளே இருக்கப் பயந்து கூரைமேல் குந்திக்கொண்டு போனார்கள். பிறகெதற்குக் கவசம்!

இலங்கையில் 1987இல் இந்தியப் படை பிஎம்பி என்ற சோவியத் சங்கிலி வாகனங்களோடு வந்தது. 1991 யூலையில் ஆனையிறவு முகாமைப் புலிகள் சுற்றி வளைத்தபோது அவர்களிடம் அப்படி எதுவும் இல்லை. முகாமைச் சுற்றி மறைப்பே இல்லாத உப்பு வெளி. நடந்து போனால் சூடு படும். அதனால்தான் புல்டோசர், சங்கிலி என்பதால் பாரம் பரவும், சேற்றிலும் புதையாது. யூலை 14 அன்று சிங்க றெஜிமென்ட் சிப்பாய் காமினி குலரத்ன கைக்குண்டுகளோடு அதன்மேல் ஏறினார். அவரும் இறந்தார், உள்ளே இருந்தவர்களும் இறந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

எங்கள் பக்கம் நாங்கள் பார்த்து வளர்ந்தது சங்கிலி இல்லை, ரயர் பூட்டின பவல். தென்னாபிரிக்காவில் கண்ணிவெடிக்கென்றே செய்த வாகனம். அடிப்பாகம் தோணி போலக் கூராக இருப்பதால் வெடியின் வேகம் இரண்டு பக்கமும் சிதறும். அதைப் பார்த்து இலங்கை இராணுவமே யுனிகோன் என்று ஒன்றைச் செய்தது. அக்கரைப்பற்று வீதியில் பவல் சத்தம் கேட்டால் உம்மா எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவா. கண்ணிவெடிக்குப் பயந்துதான் அதுக்குள்ளேயும் ஆட்கள் இருந்தார்கள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.