பென் டிரைவில் லினக்ஸ் ஏன் கிளம்ப மறுக்கிறது? - ஒரு சின்ன வரலாறு

லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைச் செருகிக் கணினியை ஆன் செய்தால் கறுப்புத் திரை மட்டும் வருகிறது. பென் டிரைவ் போய்விட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் உண்டு. ஆனால் நல்ல பென் டிரைவிலும் இது நடக்கும். காரணம் தெரிய, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1983ல் ஐபிஎம் தன் பிசியில் வன்தட்டைக் கொண்டுவந்தபோது ஒரு வழக்கம் தொடங்கியது. தட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் பயாஸ் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டுகளில் 55, ஏஏ என்ற அடையாளம் இருந்தால்தான் அங்கிருந்து கிளம்பும். இல்லையென்றால் அடுத்த தட்டைத் தேடிப் போய்விடும்.

குறுந்தகட்டுக்கு இந்த வழி ஒத்துவரவில்லை. 1995ல் பீனிக்ஸ் நிறுவனமும் ஐபிஎம்மும் சேர்ந்து 'எல் டொரிட்டோ' என்ற தனி விதியை எழுதின. இந்த வழியில்தான் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000ல் 'நாப்பிக்ஸ்' வெளியிட்டார். வன்தட்டைத் தொடாமலே, தகட்டைப் போட்டதும் லினக்ஸ் ஓடியது!

அதே ஆண்டு பென் டிரைவ்களும் கடைக்கு வந்தன. ஐபிஎம் விற்ற முதல் பென் டிரைவின் கொள்ளளவு வெறும் 8 எம்பி. கொள்ளளவு கூடக்கூட, குறுந்தகட்டின் ஐஎஸ்ஓவை அப்படியே பென் டிரைவில் எழுதிப் பார்த்தார்கள். கிளம்பவில்லை. பென் டிரைவை வன்தட்டு போலப் பாவித்த பயாஸ், முதல் 512 பைட்டுகளில் அடையாளத்தைத் தேடியது. ஐஎஸ்ஓவோ தன் முதல் 32,768 பைட்டுகளைப் பயன்படுத்தாமல் காலியாக விட்டிருந்தது.

2007ல் வந்த 'யுநெட்பூட்டின்' ஐஎஸ்ஓவைப் பிரித்துக் கோப்புகளை பென் டிரைவில் போட்டு, பூட்லோடரையும் தானே எழுதியது. 2008ல் ஹெச். பீட்டர் ஆன்வினின் 'சிஸ்லினக்ஸ்' இன்னும் அழகான வழி கண்டது. அந்தக் காலி இடத்திலேயே வன்தட்டுக்கான முதல் 512 பைட்டுகளை எழுதிவிட்டது. 'ஐஎஸ்ஓஹைப்ரிட்' என்ற இந்த முறையால் ஒரே ஐஎஸ்ஓ தகட்டிலும் கிளம்பியது, பென் டிரைவிலும் கிளம்பியது.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ பிடித்தது. 2012ல் விண்டோஸ் 8 உடன் 'செக்யூர் பூட்' பரவலானது. கையெழுத்து சரியில்லாத காசோலையை வங்கி திருப்பி அனுப்புவது போல, டிஜிட்டல் கையொப்பம் இல்லாத பூட்லோடரைக் கணினி திருப்பி அனுப்பியது. வைரஸ் முதலில் நுழையாமல் தடுக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் வங்கியில் இருந்த மாதிரிக் கையெழுத்து மைக்ரோசாஃப்ட்டுடையது! லினக்ஸ் வெளியிடுபவர்கள் மைக்ரோசாஃப்ட்டிடமே கையொப்பம் வாங்க வேண்டிய நிலை. மாத்யூ காரெட் உருவாக்கிய 'ஷிம்' என்ற சிறு நிரல் அப்படிக் கையொப்பம் பெற்று, லினக்ஸுக்கு வாசலைத் திறந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய கணினிக்கு உண்மையான சொந்தக்காரர் யார் என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

2024 ஆகஸ்டில் அந்தக் கேள்வி திரும்பவும் வந்தது. பாதுகாப்புக் குறை உள்ள பழைய ஷிம்களைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் விட்டது. லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளை அது தொடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அப்படிப்பட்ட பல கணினிகளில் லினக்ஸ் நின்றது. அதுவரை ஒழுங்காக ஓடிய பழைய லைவ் பென் டிரைவ்களும் நின்றன.

ஆக, கிளம்பாத பென் டிரைவைச் சோதிக்கும் வரிசையை வரலாறே சொல்லித் தருகிறது:

1. ஐஎஸ்ஓவை வெறும் காப்பி-பேஸ்ட் செய்தால் போதாது. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். அதற்கு முன் ஷா256 எண்ணை ஒப்பிட்டு, டவுன்லோட் முழுமையானதா என்று பார்க்க வேண்டும்.
2. பூட் மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
3. கணினி பழைய பயாஸா, யூஇஎஃப்ஐயா என்று பார்த்து அதற்கேற்ப எழுத வேண்டும்.
4. 'பாதுகாப்பு விதிமீறல்' என்ற பொருளில் பிழைச்செய்தி வந்தால் புதிய பதிப்பின் ஐஎஸ்ஓவை எடுக்க வேண்டும், அல்லது செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்க வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர் இருந்தால், அணைக்கும் முன் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் பிறகும் கிளம்பவில்லை என்றால் மட்டும் பென் டிரைவைச் சந்தேகப்படலாம்.