காலைத் தர மறுத்த மூதாட்டி

ஆஞ்சியோ என்ற சொல்லைக் கேட்டாலே நம் கை நெஞ்சுக்குப் போகிறது. "அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சிருக்காங்க" என்றால், எந்த உறுப்பில் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயை உடலைக் கிழிக்காமல் உள்ளிருந்தபடியே திறந்துவிடும் அந்தச் சிகிச்சை பிறந்தது இதயத்தில் அல்ல, காலில். காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்மணி ஒருவரின் இடது காலில்.

1964 ஜனவரி மாதம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்ட் நகரம். அங்கிருந்த பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்த அம்மா படுத்திருந்தார். பாதத்தில் ஆறாத புண், அழுகத் தொடங்கிய விரல்கள், ஓயாத வலி. தொடை வழியாக இறங்கும் ரத்தக்குழாய் ஓரிடத்தில் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. காலை எடுத்துவிடலாம் என்பது அறுவை மருத்துவர்களின் முடிவு. அம்மா முடியாது என்றுவிட்டார். அந்த வயதில் காலை இழந்தவர் மறுபடி எழுந்து நடமாடுவது அபூர்வம். அது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மருத்துவ வரலாற்றில் புதுவழி கண்டவர்களைக் கொண்டாடுகிறோம். அந்த வழி தேவை என்று பிடிவாதமாக நின்ற நோயாளிகளுக்கும் அதில் சரிபாதி இடம் உண்டு.

அவரை அனுப்பிவைத்தது கதிரியக்கவியல் துறைக்கு. அதன் தலைவர் சார்லஸ் டாட்டர். 32 வயதில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர். மலையேறுவதில் பித்துக்கொண்டவர். அன்றைய கதிரியக்க மருத்துவரின் வேலை படம் எடுத்துக் கொடுப்பதோடு முடிந்துவிடும். ரத்தக்குழாயை ஊசியால் துளைத்து, ஊசிக்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே கதீட்டர் என்ற குழலைச் செலுத்தும் உத்தியை ஸ்வீடனின் செல்டிங்கர் 1953இல் வெளியிட்டிருந்தார். அந்தக் குழல் வழியாகச் சாயத்தைச் செலுத்திப் படம் எடுக்கலாம். அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும். அதன் பிறகு வேலை கத்தி பிடிப்பவருடையது.

டாட்டரின் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. 1963இல் ஒருவருக்கு வயிற்றுப் பெருந்தமனியைப் படமெடுக்கக் குழலைச் செலுத்தியபோது, இடுப்பருகே முழுக்க அடைத்துக் கிடந்த குழாயை அது தற்செயலாகத் துளைத்துக்கொண்டு மேலே போய்விட்டது. வழி திறந்துகொண்டது. தவறிப்போய் நடந்ததை வேண்டுமென்றே செய்தால் என்ன? அதே ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரி நகரில் நடந்த மாநாட்டில், கதீட்டர் நோயைக் காட்டும் கருவியாக மட்டும் நின்றுவிடாது, சிகிச்சைக் கருவியாகவும் ஆகும் என்று பேசினார். பேசிவிட்டார்; செய்து காட்ட ஒரு கால் வேண்டியிருந்தது.

ஜனவரி 16 அன்று அது கிடைத்தது. டாட்டரும் அவருடைய சீடர் மெல்வின் ஜட்கின்ஸும் அந்த அம்மாவின் குழாய்க்குள் கம்பியை விட்டு, சுருங்கிய இடத்தைத் தாண்டினார்கள். கம்பியின் மேல் மெல்லிய குழல் ஒன்று, அதன் மேல் சற்றுப் பருமனான இன்னொன்று. சேற்றில் கழியைச் செருகி வழி பண்ணுவதைப் போல, குழாய்ச் சுவரில் படிந்திருந்த கொழுப்பை ஓரத்துக்கு நெருக்கித் தள்ளினார்கள். அவ்வளவுதான் சிகிச்சை. சில நிமிடங்களில் சில்லிட்டுக் கிடந்த பாதம் சூடேறியது. நாளடைவில் வலி போனது, புண் ஆறியது. அதன் பிறகு அவர் உயிரோடிருந்த ஏறக்குறைய மூன்று ஆண்டுகளும் தன் சொந்தக் கால்களில் நடந்தார்.

1964 நவம்பரில் 'சர்குலேஷன்' இதழில் இந்தச் சிகிச்சை பற்றிய கட்டுரை வந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர்கள் அசைந்துகொடுக்கவில்லை. ஒரு நோயாளியைப் படமெடுக்க அனுப்பிய மருத்துவர், படம் மட்டும் போதும், சரிசெய்ய முயல வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதி அனுப்பினார். 'கிறுக்கு சார்லி' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அவர்களை மொத்தமாகக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே தள்ளும் குழலால் கொழுப்புத் துணுக்கு பெயர்ந்து கீழே போய் அடைத்தால் என்ன ஆகும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால், அந்த அச்சத்தைச் சோதித்துப் பார்க்கும் பொறுமை அங்கே இல்லை.

டாட்டருக்குக் கருவிகள் கடையில் கிடைக்கவில்லை. கிட்டார் தந்தியைக்கூட எடுத்துச் சோதித்துப் பார்த்தார். 1963இல் சிகாகோவில் நடந்த கதிரியக்க மாநாட்டில் பில் குக் என்ற இளம் வணிகர் சிறு மேசை போட்டுக் கம்பிகளும் குழல்களும் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் ஊதுவிளக்கையும் டெஃப்ளான் குழாய்களையும் இரவல் வாங்கிப்போன டாட்டர், மறுநாள் காலை பத்து கதீட்டர்களைச் செய்துகொண்டு வந்து நின்றார். அந்தச் சிறு மேசையிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகெங்கும் மருத்துவக் கருவிகள் விற்கும் குக் நிறுவனம்.

சொந்த நாட்டில் ஒதுக்கப்பட்ட வித்தையை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. ஜெர்மனியில் எபர்ஹார்ட் ஸைட்லர் அதை இடைவிடாமல் செய்தார். 'டாட்டரிங்' என்றே பெயர் விழுந்தது. அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் ஆன்ட்ரியாஸ் குரூன்ட்ஸிக். பருத்த குழலைத் திணிப்பதற்கு, தொடையில் போடும் துளையும் பெரிதாக வேண்டும். ஒல்லியாக உள்ளே போய், போன இடத்தில் மட்டும் விரிகிற ஒன்று வேண்டும் என்று யோசித்தார். பலூன். ரப்பர் பலூன் அடைப்பு இருக்கும் கடினமான இடத்தில் அமுங்கி, மிருதுவான இடத்தில் புடைத்துக்கொண்டுவிடும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெருக்காத பிவிசியைத் தேர்ந்தெடுத்து, சூரிச்சில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் மாதக்கணக்கில் பலூன் செய்து பார்த்தார். 1974இல் முதன்முதலாக அதைக் காலில்தான் பயன்படுத்தினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1977 செப்டம்பர் 16 அன்று, அதே பலூனைச் சிறிதாக்கி ஒருவரின் இதயக்குழாயில் விரித்தார். உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். டாட்டர், குரூன்ட்ஸிக் இருவரும் 1985இல் மறைந்தார்கள்; டாட்டர் பிப்ரவரியில், 46 வயதே ஆன குரூன்ட்ஸிக் அக்டோபரில் விமான விபத்தில்.

இதயத்துக்குப் போன சிகிச்சை அங்கேயே குடியேறிவிட்டது. பணமும் ஆராய்ச்சியும் கூடவே போயின. அடைபட்ட காலோடு வருபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், புகைத்தவர்கள், சர்க்கரை நோயாளிகள். கெண்டைக்கால் இழுக்கிறது என்று பாதி வழியில் நின்றால், வயசாகிறதல்லவா என்று வீட்டிலேயே சொல்லிவிடுவோம். அந்த அலட்சியம் ஆராய்ச்சியிலும் படிந்திருந்தது என்பது என் எண்ணம்.

கால் எளிதான இடமும் அல்ல. தொடைக் குழாய் நீளமானது. நடக்கும்போதும் உட்காரும்போதும் முறுகி, மடங்கி, நீள்கிறது. அதைத் திறந்தபடி தாங்குவதற்காக வைத்த உலோக வலையான ஸ்டென்ட் உடைந்துபோவதுண்டு. முழங்காலுக்குக் கீழே குழாய்கள் மிகவும் ஒல்லி. சர்க்கரை நோயாளிகளுக்குச் சுண்ணாம்பு படிந்து கல்லாகிக் கிடக்கும். பலூனால் திறந்தாலும், காயம்பட்ட சுவரில் தசைத்திசு வளர்ந்து மறுபடி மூடிக்கொள்ளும். அந்த வளர்ச்சியைத் தடுக்க, புற்றுநோய்க்குத் தரும் பேக்லிடாக்ஸெல் மருந்தைப் பலூனின் மேல் பூசினார்கள். 2018 இறுதியில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு அந்த மருந்தால் இறப்பு கூடுகிறது என்று சொல்ல, உலகமே கை நடுங்கி நின்றது. கூடுதல் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த பிறகு, 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அப்படி ஆபத்து கூடுவதாகத் தரவுகள் காட்டவில்லை என்று அறிவித்தது.

1964இல் போர்ட்லண்டில் மோதிக்கொண்ட கத்தியும் கதீட்டரும் அரை நூற்றாண்டு கழித்தும் நேருக்கு நேர் நின்றன. கால் பறிபோகும் நிலையில் இருந்த 1,830 பேரை வைத்து நடந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. சொந்தக் காலிலேயே நல்ல நீளமான ரத்தநாளம் இருந்து, அதை எடுத்து, அடைப்பைச் சுற்றி மாற்றுவழி போடும் பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களில் மரணமோ காலுக்குப் பெரிய பாதிப்போ நேர்ந்தது 42.6 சதவீதம்; பலூன், ஸ்டென்ட் வழியில் 57.4. கத்தி வென்றது. மறு ஆண்டே பிரிட்டன் தலைமையில் 345 பேரிடம் நடந்த பேசில்-2 ஆய்வில், முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ளவர்களுக்குப் பலூன் வழியே மேல் என்று வந்தது. ஆக, முதலில் பார்க்க வேண்டியது அந்த நோயாளியின் நாளத்தை, அடைப்பின் இடத்தை, அவரது உடல் தாங்கும் அளவை. அதே 2023இல், மருந்து தடவிய, சில ஆண்டுகளில் தானே கரைந்துவிடும் தாங்கியை முழங்காலுக்குக் கீழே வைத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் கால் இழப்போ மறு அடைப்போ இல்லாமல் இருந்தவர்கள் 74 சதவீதம். வெறும் பலூன் போட்டவர்களில் 44.

இவை எல்லாம் கைவிட்ட பிறகும் சிலர் மிஞ்சுகிறார்கள். பாதம் வரை இறங்கும் தமனிகளில் திறக்க ஒன்றுமே இல்லாதவர்கள். அவர்களுக்காக வந்தது வினோதமான யோசனை: தமனி இல்லையென்றால் சிரை வழியாக அனுப்பலாமே. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம் சிரை. கீழ்நோக்கி ஓடவிடாதபடி அதில் வால்வுகள் உண்டு. முழங்காலுக்குக் கீழே தமனியையும் சிரையையும் இணைத்து, வால்வுகளை நுண்கத்தியால் அறுத்து, உள்ளே உறை போட்டு, ரத்தத்தைத் தலைகீழாகப் பாதத்துக்கு அனுப்புகிறார்கள். புதிய ஓட்டத்துக்குப் பாதம் பழக வாரங்கள் ஆகும். புண் ஆற மாதங்கள். அமெரிக்காவில் இதைச் செய்துகொண்ட 105 பேரும், காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லப்பட்டவர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உயிரோடு, காலோடு இருந்தார்கள்.