கண்மணியைத் திறக்கும் துளி

ஐரோப்பியக் காடுகளின் நிழலில் பெல்லடோனா என்றொரு செடி வளர்கிறது. கத்தரிக் குடும்பம். கறுத்துப் பளபளக்கும் அதன் பழம் இனிக்கும். ஆனால் சில பழங்களே ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதும். நம் ஊர்த் தரிசுகளில் வளரும் ஊமத்தையும் அதே குடும்பம், அதே வகை நஞ்சு. ஊமத்தையைப் பறித்த கையால் கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும். கண் டாக்டர் பார்ப்பதற்கு முன் நர்ஸ் போடுகிற சொட்டு மருந்தின் பூர்வீகம் இந்த நஞ்சுதான்.

அது மருத்துவத்துக்குள் வந்த பாதையில் ஒரு பூனையும் உண்டு. ஜெர்மனியில் மருந்துக்கடைப் பயிற்சியில் இருந்த ரூங்கே என்ற இளைஞரின் கண்ணில் பெல்லடோனாச் சாறு தெறித்து, கண்மணி விரிந்துகொண்டது. அந்த விளைவை விடாமல் ஆராய்ந்தார். 1819-இல் யேனா நகரில் கவிஞர் கோதேயின் முன்னால் ஒரு பூனையைக் கொண்டுபோய் வைத்து, சாறு விட்ட கண் எப்படி விரிகிறது என்று காட்டினார். வியந்த கோதே அவரிடம் காப்பிக்கொட்டைகளைக் கொடுத்து ஆராயச் சொன்னார். ரூங்கே அதிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தது தனிக்கதை. பெல்லடோனாவின் சாரமான அட்ரோபின் 1830-களின் தொடக்கத்தில் தூய படிகமாகக் கைக்கு வந்தது.

உயிரோடு இருக்கும் மனிதரின் விழித்திரையைத் தெளிவாகப் பார்க்க அதுவரை வழியே இல்லை. 1851-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் கண்ணோக்கியை விவரித்து வெளியிட்ட பிறகுதான் அந்த வழி பிறந்தது. பார்க்கக் கருவி கிடைத்ததும், கண்மணி என்ற சன்னலை அகலத் திறக்க மருந்து தேவைப்பட்டது.

கண்மணி என்பது ஒரு துளைதான். அதைச் சுருக்க ஒரு வட்டத் தசை, விரிக்க இன்னொரு தசை. சுருக்கும் தசைக்கு நரம்பு அனுப்பும் கட்டளையை அட்ரோபின் தடுத்துவிடும். நல்ல வெளிச்சத்தில் 2, 3 மில்லிமீட்டராக இருக்கும் துளை 7, 8 மில்லிமீட்டர் வரை விரியும். கிட்டத்தில் பார்க்க லென்ஸைக் குவிக்கும் தசைக்கும் அதே வகைக் கட்டளைதான் போகிறது. பலருக்கும் மருந்து போட்டபின் தூரத்து பஸ் நம்பர் தெரிந்தாலும் செல்போன் எழுத்து தெரியாமல் போவது இதனால்தான்.

அட்ரோபினின் சிக்கல், அதைப் போட்டால் விளைவு ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். சும்மா பரிசோதிக்க அது அதிகம். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த டிராபிகமைடு 20, 30 நிமிடத்தில் வேலை செய்து, பெரும்பாலோருக்குச் சில மணி நேரத்தில் விலகிவிடும். விரிக்கும் தசையைத் தூண்டும் பினைல்எஃப்ரினை அதோடு கலந்தும் தருகிறார்கள்.

கண் மருத்துவமனைப் பெஞ்சுகளில் இந்தக் காட்சியை நாள்தோறும் பார்க்கலாம். நர்ஸ் கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விடுவார். சுரீரென எரியும். "கண்ணை மூடிக்கிட்டு உட்காருங்கம்மா, திறக்கக் கூடாது" என்பார். சற்று நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, போதவில்லை என்றால் மறுபடி ஒரு சொட்டு. வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தும். இந்த அரை நாள் தொல்லைக்காகவே "மருந்து வேண்டாம், அப்படியே பாருங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பேரம் எனக்கு வருத்தம் தருகிறது. சர்க்கரை நோய் விழித்திரையின் ஓரங்களில் செய்யும் சேதமும், அங்கே விழும் கிழிசலும் சிறிய துளை வழியே தவறிப்போகலாம். வலிக்காது, ஆரம்பத்தில் பார்வையும் குறையாது.

அட்ரோபினும் ஓய்வு பெறவில்லை. சிறு குழந்தைகளுக்குக் கண்ணாடி பவர் பார்க்கவும், கண்ணுக்குள் அழற்சி வந்தால் கருவிழிப்படலம் லென்ஸோடு ஒட்டாமல் காக்கவும் அதைத் தருகிறார்கள். பூச்சிமருந்து குடித்தவரின் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும்போது அவசரப் பிரிவில் ஊசியாக ஏறுவதும் அதே அட்ரோபின்தான். குழந்தைகளின் கிட்டப்பார்வை வேகமாகக் கூடாமலிருக்க மிகக் குறைந்த அளவில் அதைப் போடும் முறையை சிங்கப்பூர் ஆய்வுகள் பரவலாக்கின. எந்த அளவு பலன் தரும் என்பதில் பிந்தைய ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. டாக்டர் சொல்லாமல் வாங்கிப் போடும் மருந்தல்ல.

பூர்வீக நஞ்சு முழுதாய்ப் போய்விடவுமில்லை. ஒரு சதவீத அட்ரோபின் புட்டியைக் குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள். சொட்டு போட்டபின் மூக்கோரக் கண்முனையை ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உடம்புக்குள் போகும் மருந்து குறையும். குழந்தைக்கு முகம் சிவந்து காய்ச்சல் அடித்தால் மருந்தை நிறுத்தி உடனே டாக்டரிடம் காட்டுங்கள். இதய நோய், ரத்த அழுத்தம், குறுகிய கோணக் கண் அழுத்த நோய் இருந்தால் சொட்டு விடுமுன்பே சொல்லிவிடுங்கள். மருந்து போட்ட அன்று மாலை கண் வலித்து, சிவந்து, வாந்தியும் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

சர்க்கரை இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சொட்டைப் போட்டு விழித்திரையைக் காட்டிக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள், வண்டியை வீட்டில் விட்டுவிட்டுத் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.