கையளித்தவர்கள்

காட்டிக்கொடுத்தல் என்னும் நம் சொல்லுக்குள் கொடுத்தல் என்பதும் அடங்கியிருக்கிறது. இலத்தீன் மொழியிலும் இந்நிலையையே காண்கிறோம். 'திராதித்தோர்' என்றால் கையளித்தவர் என்பது பொருள். துரோகி என்பதும் பொருள். இவ்வொரு சொல் நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கத் திருச்சபையையே இரண்டாகப் பிளந்தது.

கி.பி. 303இல் உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன், கிறித்தவக் கோவில்களை இடிக்கவும் மறைநூல்களை எரிக்கவும் ஆணையிட்டார். நூலைத் தர மறுத்து உயிர் துறந்தோர் உளர்; அஞ்சி ஒப்படைத்தோரும் உளர். பின்னவரையே 'கையளித்தவர்' என்று இகழ்ந்தனர்.

வேதகலாபனை ஓய்ந்தபின் செசிலியன் என்பவர் கார்த்தேஜ் நகரின் ஆயரானார். அவரைத் திருநிலைப்படுத்திய பெலிக்ஸ் ஒரு கையளித்தவர் எனக் குற்றஞ்சாட்டி, ஒரு சாரார் மயோரினுசையும், அவருக்குப்பின் தொனாத்துசையும் தமக்கு ஆயராக்கிக்கொண்டனர். கறைபட்டவர் அளிக்கும் திருமுழுக்குச் செல்லாது என்பது அவர்தம் கொள்கை. விசாரணையில் பெலிக்ஸ் குற்றமற்றவர் எனத் தெளிவாகியும் பிளவு ஆறவில்லை.

320இல் நடந்த வேறொரு விசாரணையில், சிர்த்தா நகரின் 303ஆம் ஆண்டுப் பதிவேடு படிக்கப்பட்டது. வெள்ளிப் பேழையையும் விளக்கையும் அதிகாரிகளிடம் எடுத்துக் கொடுத்தவர் சில்வானுஸ் என்று அதில் கண்டிருந்தது. அவரோ அப்போது தொனாத்துசின் தரப்பில் ஓர் ஆயர்! அதே ஏட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு பெருநூலைக் கொடுத்துவிட்ட துணைத் திருத்தொண்டர் இருவர், ஏனைய நூல்களை வைத்திருந்தோரின் பெயரைக் கேட்டபோது, தாங்கள் காட்டிக்கொடுப்போர் அல்லர், கொல்வதாயின் கொல்லுங்கள் என்று மறுத்துவிட்டனர். நூலைக் கொடுத்த கையே நண்பரைக் கொடுக்க மறுத்தது. இவர்களைத் துரோகிகள் என்போமா, விசுவாசிகள் என்போமா?

அருள் கிறித்துவினுடையது, குருவினுடையது அன்று எனப் புனித அகுஸ்தீனார் விளக்கினார். ஆயின் 411இல் கார்த்தேஜில் நடந்த மாமன்றத்தில் தீர்ப்புத் தொனாத்துசின் தரப்புக்கு எதிராயிற்று. 412இல் அவர்கள்மீது அபராதம் விதித்து அரசாணை பிறந்தது. முன்னர் வன்முறையை விரும்பாத அகுஸ்தீனாரே பின்னர் அரசின் வற்புறுத்தலை ஆதரித்தார் என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. அபராதத்தால் விளையும் ஒற்றுமை மன்னிப்பு ஆகாது.

மும்முறை மறுதலித்த பேதுருவைத் திபேரியாக் கடலோரத்தில் உயிர்த்த இயேசு மும்முறை வினவியது ஒன்றே: அன்பு செய்கிறாயா என்பது. தவறியவரிடமே மந்தையை ஒப்படைத்தார். அதுவும் ஒரு கையளித்தலே அன்றோ!